ஆர்னி வாங்கிய துப்பாக்கி

சவப்பெட்டியை இறக்கும்போது கயிறு ஒரு பக்கம் வழுக்கியது. "பிடி, பிடி, ராய், உன் பக்கம் தாழுது," என்று யாரோ கத்த, ராய் பூட்ஸ் காலைப் பனியில் அழுத்தி ஊன்றித் தன் அண்ணனின் எடையைத் தாங்கிக்கொண்டான். தூக்கியவர்களில் பாதிப்பேர் கறுப்புக் கோட்டுக்குள் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை போட்டிருந்தார்கள். குனிந்தபோது கழுத்தடியில் அது பளீரென்று தெரிந்தது. செத்தவனின் மனைவி லோர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகைதான் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற யோசனைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தச் சட்டைகளுக்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. அமெரிக்காவில், மிச்சிகனின் இந்த வடகோடியில் பதினைந்தாம் தேதி செத்தவனைத் தூக்க ஆள் கிடைக்காது என்று கேலியாகச் சொல்வோம். அது முழுக்கக் கேலியும் இல்லை. பாஸ்டர் முதலில் அடக்கத்தைப் பதினைந்தாம் தேதிக்குத்தான் குறித்தார். போன வருஷம்தான் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், பாவம். ராய் அவரைத் தனியே கூட்டிப்போய், "அய்யா, அன்னைக்கு வச்சா நீங்களும் பொணமும்தான் இருப்பீங்க. பொணத்துக்கே மனசு காட்டுலதான் இருக்கும்," என்று சொல்லி ஒருநாள் முன்னால் மாற்றவைத்தான்.

ஆர்னி ஹெய்க்கினன் செத்தது செவ்வாய்க்கிழமை காலையில். மரக்கட்டை லாரியைக் கிளப்பப் போனவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி சூடாகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான் போல என்று நினைத்து, லோர்னா பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

சண்டை ஒரு துப்பாக்கியால் வந்தது. ஹெய்க்கினன் வீட்டுப் பிள்ளைகள் மீசை முளைக்கும் முன்பே காட்டுக்குப் போவார்கள், ஆனால் இரவல் துப்பாக்கியோடு. சொந்தத் துப்பாக்கி இருபத்தொரு வயதில்தான். அதையும் அப்பன்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும், பிள்ளை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. ஆர்னிக்கும் அவன் தம்பி ராய்க்கும் அப்படித்தான் வந்தது. மகன் ஜோயலுக்கு இந்த மாதம் இருபத்தொன்று.

வேறு வருஷமாக இருந்தால் லோர்னாவே முன்நின்று கேக் செய்திருப்பாள். ஆனால் மார்ச் மாதம் ஜோயல் கல்லூரியிலிருந்து பாதியில் வந்துவிட்டான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஏப்ரலில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அவள் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னை நெனச்சா எனக்கே பயமா இருக்கு," என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவன் அங்கே இருந்த நாட்களில், யாரும் சொல்லாமலே, ஆர்னி வீட்டிலிருந்த துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி ராய் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். இப்போது ஜோயல் மாத்திரை சாப்பிடுகிறான், ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறான், சில நாள் சிரிக்கவும் செய்கிறான். ஆனாலும் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டால் லோர்னா போய்க் கதவருகே நிற்பாள்.

"இந்த வருஷம் வேணாம் ஆர்னி," என்று ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் குடுத்தா, இந்த வருஷம் ஏன் குடுக்கலைன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியட்டும். உசுரோட இருந்து தெரிஞ்சுக்கட்டும்."

ஆர்னி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவனுடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகப் பிடிபட்டதில்லை. முடியாது என்பதாகத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்தார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டி, பெரிய அண்டாவில் காப்பி. "நல்ல மனுஷன்," என்றார்கள். "எவ்வளவு பனி பெய்ஞ்சாலும் வண்டியைப் பாதியில விட்டுட்டு வந்ததில்ல," என்றார்கள். லோர்னா தலையை ஆட்டினாள். கையில் யாருடைய கையுறையோ இருந்தது. எப்போது, யாரிடமிருந்து வாங்கினோம் என்று தெரியவில்லை.

அப்போதுதான் துப்பாக்கிக் கடை வெர்னர் படியிறங்கி வந்தார். கையில் நீளமான கறுப்புப் பெட்டி.

வேட்டைக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்து யாரும் திரும்பக்கூட மாட்டார்கள். ஆனால் அது என்ன என்று லோர்னாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளை மீறி வாங்கியிருக்கிறான். செத்தும் ஜெயித்துவிட்டான், படுபாவி. மண் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாதவனை இப்படித் திட்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. கோபம் போகவில்லை.

வெர்னர் சுவரோரமாக அவளை நோக்கித்தான் வந்தார். ராய் குறுக்கே பாய்ந்தான்.

"அண்ணன் ஜோயலுக்கு வாங்கினதா? குடுங்க, குடுங்க. டேய் ஜோயல், இங்க வாடா!"

"அப்புறமா பாத்துக்கலாம் ராய்," என்றார் வெர்னர். "லோர்னாகிட்ட ஒரு வார்த்தை…"

ராய் அதற்குள் தட்டுகளை ஒதுக்கிப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்துவிட்டான். துக்கம் அவனுக்கு அப்படித்தான். சும்மா இருக்க விடாது. நாலைந்து ஆண்கள் காப்பிக் கோப்பையோடு சூழ்ந்துகொண்டார்கள். ஜோயல் கடைசியாக வந்து நின்றான். கோட்டின் கை அவனுக்குக் குட்டையாக இருந்தது.

"என்னடா இது?" என்றான் ராய். "போல்ட் துப்பாக்கி!"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? ஹெய்க்கினன் வம்சமே லீவர் துப்பாக்கிக்காரர்கள். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும், அதுதான் வேட்டைக்காரன் துப்பாக்கி என்பான் ஆர்னி. போல்ட் துப்பாக்கி வைத்திருப்பவர்களை "கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறவனுங்க" என்று வாழ்நாளெல்லாம் கிண்டலடித்தவன்.

"வேற யாருக்கோ வாங்கினதைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா வெர்னர்? எங்க அண்ணன் இதைத் தொட்டிருக்கவே மாட்டான்."

"அவன்தான் வாங்கினான்."

"உதை கம்மியா இருக்கும்னு பாத்திருப்பான்," என்றார் ஒருவர். "லீவர் மட்டும் என்ன உதைக்கவா செய்யுது?" என்றார் இன்னொருவர். "பையனுக்குக் கண்ணு நல்லா இருக்கு, தூரத்துக்குச் சுடட்டும்னு நெனச்சிருப்பான்." செத்தவனை மறந்து அவன் வாங்கியதைப் பற்றி வழக்கு நடந்தது. ராய் துப்பாக்கியை எடுத்துத் திருப்பினான். பிறகு உரக்கச் சிரித்தான்.

"கடைக்காரரே, வயசாயிடுச்சு உங்களுக்கு! போல்ட்டையே காணோம். இதை வச்சு மானை அடிச்சுத்தான் கொல்லணும்!"

போல்ட் என்பது விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் தண்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. தோட்டாவை உள்ளே தள்ளி அடைப்பதும் அதுதான், வெடிக்கவைப்பதும் அதுதான். உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஜோயல் அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். வெர்னரின் முகத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. லோர்னாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "நல்லா இருக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் படியேறி வெளியே போனான்.

அவள் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். வெர்னர் முழங்கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்தார். அங்கே காப்பி அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து அவள் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"இதை உன்கிட்ட தனியா குடுக்கச் சொன்னான். அதுக்குள்ள அந்த அவசரக்குடுக்கை…"

"என்ன இது?"

"போல்ட்டு." வெர்னர் குரலைத் தாழ்த்தினார். "வாரா வாரம் கடைக்கு வந்தான் லோர்னா. லீவர் துப்பாக்கியா எடுத்துத் தோள்ல வச்சுப் பாப்பான், கீழ வைப்பான். ஒண்ணும் தெகையல. திங்கக்கிழமை வந்து, 'வெர்னர், எந்தத் துப்பாக்கியில உசுரைத் தனியா உருவிப் பாக்கெட்ல போட்டுக்கலாம்?'னு கேட்டான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. 'துப்பாக்கி பையனுக்கு. இது அவங்க அம்மாவுக்கு. என்னைக்குக் குடுக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும்'னான்."

"திங்கக்கிழமையா?"

"ஆமா. பொறந்தநாள் வரைக்கும் கடையிலயே இருக்கட்டும்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பொறந்தநாள் அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்திருப்பான். செவ்வாய்க்கிழமை இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

திங்கட்கிழமை இரவு ஆர்னி பக்கத்தில்தான் படுத்திருந்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒருமுறை அவன் தொண்டையைச் செருமியது நினைவிருக்கிறது. தூங்குவதுபோல் இருந்துவிட்டாள். அவன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நன்றியா, ஆத்திரமா, அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளை ஜெயிக்கவிட்டுவிட்டு, அதை அவளிடம் சொல்லாமலே போயிருக்கிறான்.

ஜோயல் வெளியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது. அவள் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினாள்.

"உன்கிட்ட இருக்கா?" என்றான், திரும்பாமல்.

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கடையிலேயே மறந்துவிட்டார்களாம் என்று சொல்லிவிடலாம். அவள் காலுறையைத் தொடைமேல் வைத்தாள். "இருக்கு."

"அப்பாவுக்கும் என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாம துப்பாக்கி வாங்குவாரா?"

"அப்ப இது?"

"இது என்னால. நான்தான் பயந்தேன். ஞாயித்துக்கிழமை அவரைக் கண்டபடி பேசிட்டேன்." காலுறையின் வாயை இறுக்கிச் சுருட்டினாள். "எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு ஜோயல். பொய் சொல்ல மாட்டேன். உன்கிட்ட குடுத்தாலும் பயம், குடுக்காம உன் மனசை நோகடிச்சாலும் பயம். அப்பா பாட்டுக்கு எனக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரு மண்ணும் தெரியல. நீயே சொல்லு."

அவன் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தான். அதன் வழியாகக் கல்லறைப் பக்கம் தெரிந்தது. அங்கே இரண்டு பேர் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வாரம் நான் அவ்வளவா நல்லா இல்லம்மா," என்றான் கடைசியில். "உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் போனை எடுத்தாள். "டாக்டருக்குப் போன் பண்ணலாமா?"

"பண்ணலாம்." மூக்கை உறிஞ்சினான். "ஆனா நாளைக்கு வீட்டுல இருக்க மாட்டேன். பதினஞ்சாம் தேதி வீட்டுல இருந்தா அப்பா எந்திரிச்சு வந்துடுவாரு. நீயும் காட்டுக்கு வா."

"நான் வந்து என்னடா பண்றது?"

"சும்மா உக்காரு. நானும் சும்மாதானே உக்காரப் போறேன்."

அங்கிருந்தபடியே போன் செய்தார்கள். டாக்டர் அவனோடு வெகுநேரம் பேசினார். மறுநாள் மாலை நேரில் வரச்சொன்னார்.

விடிந்ததும் ஆர்னியின் மறைவுக் குடிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பலகைச் சுவர், ஒரு சின்னத் திறப்பு, காலடியில் கேஸ் அடுப்பு. லோர்னா ராயிடம் இரவல் வாங்கிய ஆரஞ்சுக் கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள்; அதன் பையில் அந்தக் காலுறை. ஜோயல் புதுத் துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்து மேடுகளிலெல்லாம் வெடிச் சத்தம் கேட்டது. முதல் வெடிக்கு அவள் திடுக்கிட்டாள். அவன் அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

வெயில் ஏறிய பிறகு ஒரு கலைமான் வந்தது. ஆர்னி இருந்திருந்தால் மூச்சை நிறுத்தியிருப்பான், அவ்வளவு பெரிது. தேவதாரு மரத்தடியில் நின்று, குளம்பால் பனியைக் கிளறி எதையோ தின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தின்று முடித்துவிட்டு அது தன் பாட்டுக்குப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் ராய் பனியை மிதித்துக்கொண்டு வந்து, கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டினான். "இந்தப் பக்கமா ஒண்ணு வந்திருக்குமே? தடம் பாத்தேன். வாளி அகலத்துக்கு இருக்கு."

"வந்துச்சு சித்தப்பா," என்றான் ஜோயல். "எட்டுக் கிளைக் கொம்பு."

"அட! வெடிச் சத்தமே கேக்கலையே. ஏன்டா சுடல?"

"எங்க சுடறது?" ஜோயல் கட்டைவிரலால் லோர்னாவைக் காட்டினான். "அம்மா போல்ட்டைத் தர மாட்டேங்குறா. மகா கஞ்சம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மார்ச்சுக்குப் பிறகு அவன் அடித்த முதல் ஜோக் அதுதான். லோர்னாவுக்கும் சிரிப்புத்தான் வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் அழுகையாக மாறி, பிறகு நிற்கவே இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து வராமல் இருந்ததெல்லாம் வந்தது. ஜோயல் அடுப்பைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ராய் ஜோயலின் மடியில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான். உள்ளே நுழைந்து, தன் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நேற்று மீந்த பாஸ்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தான்.

பெரிய துண்டை லோர்னாவிடம் நீட்டினான். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.