பொருள் எண் 417/அ, கடியப்பட்டணம்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது. பின்னால் நீங்களே கண்டுபிடித்துக் காறித் துப்புவதைவிட முதலிலேயே ஒப்புக்கொள்வது எனக்கு மரியாதை.

2013இல் நாகர்கோவிலில் ஒரு பூங்காவுக்கும் அதற்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொன்னார்கள். (தேடாதீர்கள். அப்படியொரு பூங்கா கிடையாது. இந்தக் கதைக்காக நான் கட்டியது.) நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள் வந்தால் என்னென்ன வசதி உண்டு என்று அதில் சொல்ல வேண்டும். நான் நேரில் போகவில்லை. நல்ல வெயில். ஆபீஸ் அனுப்பிய பட்டியலைப் பார்த்து, வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினேன்: "சாய்தளம் உண்டு. பிரெய்ல் பலகை உண்டு. சக்கர நாற்காலி உண்டு. வேண்டுவோர் காப்பாளரைக் கேட்கலாம்."

ஐயாயிரம் பிரதி அடித்தார்கள். என் கதைப் புத்தகங்களை வாசித்த அத்தனை பேரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றினாலும் ஜன்னல் சீட்டு மிச்சமிருக்கும். அதைவிடக் கொடுமை, நான் எழுதியதை முதல் தடவையாக ஒருத்தி நம்பிவிட்டாள்.*

* பட்டியலில் இருந்ததெல்லாம் உண்மையிலேயே அங்கே இருந்தது. பிரெய்ல் பலகைகூட இருந்தது. தொட்டுத் தொட்டுப் புள்ளி தேய்ந்துவிடும் என்று அதற்குக் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள்.

2

"கிளாரா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் கண்களில் கடல்"

வேண்டாம். கடற்கரை ஊரான கடியப்பட்டணத்துக்காரி கண்ணில் கடலை ஊற்றாமல் ஒரு வரி எழுத வராதா எனக்கு? அடித்துவிட்டேன்.

"கிளாரா, வயது அறுபது. இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறது. பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும்." இது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், தேவைப்படும்.

சரி, சுற்றாமல் சொல்கிறேன். அந்த அருங்காட்சியகத்தின் கடைசிக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. நாற்பது வருடம் முன்னால் யாரோ ஒரு வெளியூர்க்காரர் கடற்கரையில் எடுத்தது. தலையில் மீன் கடவத்தோடு, அதாவது ஓலைக்கூடையோடு, ஒரு இளம்பெண் சிரிக்கிறாள். கீழே, "மீன்காரப் பெண், கடியப்பட்டணம். பெயர் தெரியவில்லை."

போன வருடம் பங்குக் கோயில் மாதர் சங்கத்தோடு சுற்றுலா போன புஷ்பம் அதைப் பார்த்து, "இது நாந்தான்" என்று கூவியிருக்கிறாள். புஷ்பம், கிளாராவின் புருஷன் சூசைக்குத் தங்கை. அன்றிலிருந்து சந்தையில் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. கிளாராவுக்கோ, கேமராக்காரன் தன்னைத்தான் நிறுத்தி எடுத்தான் என்று நன்றாக ஞாபகம். இருவருக்கும் அப்போது இருபது வயது, ஒரே வீடு, மாற்றி மாற்றிக் கட்டிய அதே நாலு சேலை. இருவருடைய கல்யாணப் படங்களும் 2004 சுனாமி அலையில் பெட்டியோடு போய்விட்டன. இளவயதில் தாங்கள் எப்படி இருந்தோம் என்று காட்ட இந்த ஒரு படம்தான் மிச்சம். அதிலும் ஒருத்திதான் இருக்கிறாள்.

"போய்ப் பாத்துட்டு வாரும் மைனி. பெறவு எனக்க மொவத்துல முழியும்" என்று புஷ்பம் சவால் விட்டாள்.

மகள் லிஜிக்கு ஜவுளிக்கடையில் வேலை. அங்கேதான் என் துண்டுப் பிரசுரம் கிடைத்தது. "அம்மா, வீல்சேர் உண்டாம். அச்சடிச்சிருக்கு" என்று கொண்டுவந்து காட்டினாள்.

அச்சடித்திருந்ததால் கிளாரா கிளம்பினாள்.

3

காப்பாளர் கிருஷ்ணமணியைக் கெட்டவராக எழுத ரொம்ப முயன்றேன். மீசை வைத்தேன், சரியாக வரவில்லை, எடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.

உள்ளே வரும் எந்தப் பொருளும் அன்று மாலைக்குள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. சக்கர நாற்காலி வந்த அன்று தளவாடப் பதிவேடு தணிக்கைக்குப் போயிருந்தது. கையில் இருந்தது அரும்பொருள் பதிவேடு மட்டும். கிருஷ்ணமணி விதியை மீறாதவர். எழுதிவிட்டார். 416, நடுகல் துண்டு. 417, சக்கர நாற்காலி, இரும்பு. 418, செப்புக் கிண்டி.

அரும்பொருளில் யாரும் உட்காரக் கூடாது. எனவே முதல் கூடத்தில் அதற்கு மேடை, சுற்றிக் கயிறு, "தொடாதீர்" அட்டை. வாரம் ஒருமுறை கையுறை போட்டு மென்தூரிகையால் தூசி தட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அதைப் படம் வரைந்துகொண்டு போவார்கள்.

4

கிளாரா சாய்தளத்தில் மூன்று முறை நின்று, லிஜி தோளைப் பிடித்து ஏறி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கயிற்றையும் பார்த்தாள்.

"சாரே, இந்தக் கயறக் கொஞ்சம் அவுத்து விடும்."

"அம்மா, அது ரெஜிஸ்டர்ல ஏறியாச்சு. ஏறினா எறக்க முடியாது. சென்னைக்கு எழுதியிருக்கேன், ரெண்டு வருஷமாச்சு."

"வேண்டுவோர் காப்பாளரைக் கேக்கலாம்னு போட்டிருக்குல்லா!" லிஜி தாளை நீட்டினாள்.

"கேக்கலாம்னுதானே போட்டிருக்கு? கேட்டாச்சே" என்றார் கிருஷ்ணமணி. சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

[ஒரே வாக்கியத்தில் அவளைக் கடைசிக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட என்னால் முடியும். "அடுத்த நிமிடம் அவள் படத்தின் முன்னால் நின்றாள்" என்று எழுதினால் தீர்ந்தது. எழுதினேன். கிளாரா திரும்பி என்னையே பார்த்தாள். "ஏலே, நீ வீட்டுல குத்தியிருந்து எழுதினதுனாலதான் நான் இஞ்ச நிக்கியேன். இனியும் அப்படி எழுதப்பிடாது" என்றாள். வாக்கியத்தை அழித்தேன்.]

கிளாரா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எதிரே ஒரு பல்லக்கு. உள்ளே பட்டுடுத்த மரப்பொம்மை ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அவ மட்டும் ஏறி இருக்காளே?"

"அது விளக்கப் பொம்மை அம்மா. பல்லக்குல எப்படி இருப்பாங்கன்னு ஜனங்களுக்குக் காட்டணும்லா? பொருளோட சேர்ந்தது. 302/அ."

"அப்பம் என்னையும் அப்படி எழுதும்."

கிருஷ்ணமணி வாயைத் திறந்தார். விதிப்புத்தகத்தை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. அந்த மனிதர் முகத்தில் ரெண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வெளிச்சம் வந்தது.

5

பதிவேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

எண்: 417/அ. பொருள்: விளக்கப் பொம்மை, பெண். கிடைத்த இடம்: கடியப்பட்டணம். கிடைத்த விதம்: தானாக வந்தது. நிலை: இடுப்பு பழுது, மற்றபடி நன்று. குறிப்பு: பேசாது.

"பேசாதா?" என்றாள் கிளாரா.

"பொம்மை பேசப்பிடாது அம்மா. கண்ணையும் ரொம்ப உருட்டப்பிடாது."

லிஜிக்கு வேறொரு பயம். "பெறவு அம்மைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சார்?"

கிருஷ்ணமணி யோசித்தார். வெளியே அனுப்பச் சென்னை அனுமதி வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்கு இரவல் கொடுக்கத் தனக்கே அதிகாரம் உண்டு என்றார். "ஆறு மாசத்துக்கொருக்கா கொண்டுவந்து காட்டிட்டுப் போனாப் போதும் மக்கா."

6

இடமாற்றச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கையுறை மாட்டி, கிருஷ்ணமணி நாற்காலியைத் தள்ளினார். கிளாரா வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள். நாணயக் கூடத்தில் ஒரு குடும்பம் பின்னாலேயே வந்தது. "எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்கான் பாரேன்" என்று வீட்டுக்காரர் மெச்சினார். அவர் மனைவி குனிந்து, "காலுல வெடிப்புகூட வச்சிருக்கான்" என்றாள். கிளாராவின் மூக்கு விடைத்தது. லிஜி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

(இந்த இடத்தில் சிரிப்பதா என்று நான் ஒரு வாரம் தயங்கினேன். அவள் மகளே சிரிக்கிறாள், எனக்கென்ன.)

7

கடைசிக் கூடம். கிருஷ்ணமணி படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கிளாரா மடியில் வைத்தார். ஆள் இன்னார் என்று உறுதியாகத் தெரிந்தால் பெயர் போட வேண்டும் என்பதும் விதிதான். புது அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "மீன்காரப் பெண், கடியப்பட்டணம். பெயர்:" என்பது வரை எழுதியிருந்தது.

[மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று: படத்தில் இருப்பவள் வேறு யாரோ. இரண்டு: கடவத்தின் நிழலில் முகம் தெரியவில்லை. மூன்று: கரண்ட் போய்விடுகிறது. மூன்றும் தப்பிக்கிற வேலை. கிழித்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். கிளாராவுக்கு முந்தி லிஜி குனிந்து பார்த்தாள். படத்தில் சிரிக்கிறவளுக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறியிருந்தது.

"அம்மா! எனக்க பல்லு! புஷ்பம் மாமிக்கு நேரான பல்லுல்லா! இது நீதாம்மா!"

கிளாரா கண்ணாடியில் அந்த முகத்தை மெதுவாகத் தடவினாள். தனக்கு இப்படியொரு முகம் இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பொம்மை அழுதது. கிருஷ்ணமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதும்போது நானும் அழுதேன், மறைப்பானேன்.

8

லிஜியின் போன் அடித்தது. புஷ்பம். கிளாரா வாங்கிக் காதில் வைத்தாள்.

"மைனி, பாத்தீரா?"

கிளாரா மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல்ல மைனி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவளுவ பிடிச்சு இழுத்துட்டாளுவ. சந்தையில எல்லாருட்டயும் செல்லிப்போட்டேன்... நாந்தானே அது?"

கிளாரா போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"ஒரு வருசமா சந்தையில எனக்க மானத்த வாங்கினா. ஒருக்காலாவது நான் செயிக்கண்டாமா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அவளக் கெட்டின மாப்பிள ஒரு வருசத்துல கடலோட போனான். பிள்ள இல்ல. எனக்க மொவம் லிஜி மொவத்துல இருக்கு. அவளுக்க மொவம் எஞ்ச இருக்கு?"

"பொம்மை பேசப்பிடாது" என்று சொல்ல வாயெடுத்த கிருஷ்ணமணி, சொல்லாமல் பேனா மூடியைக் கழற்றினார். அட்டையில் பொய் எழுதியவரில்லை அவர். ஆனாலும் கிளாரா சொல்லும் பெயரை எழுதிவிடுவார்.

நான் ஒரு வாக்கியத்தோடு உதவிக்கு ஓடினேன். கிளாரா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். இந்த விஷயத்தில் என் எழுத்தை அவள் நம்பத் தயாராக இல்லை. நியாயம்தான்.

அவள் பார்ப்பது என்னை இல்லை. எனக்குப் பின்னால், இந்தத் தாளைப் பிடித்திருக்கும் உங்களைப் பார்க்கிறாள்.

"நீ செல்லு மக்கா. நான் ஆருக்க பேரச் செல்லட்டும்?"

சீக்கிரம் சொல்லுங்கள். புஷ்பம் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.