எல்லாரும் கை நீட்டும் தட்டு

வெள்ளிக்கிழமைக் காப்பிக்கு ஆளுக்கொரு வாரம் முறை வைத்துப் பலகாரம் வாங்கி வர வேண்டும். அந்த நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலையில் தூங்கினாலும் மன்னிப்பார்கள், முறையை மறந்தால் மன்னிக்க மாட்டார்கள். இந்த வாரம் ஹில்லெவியின் முறை.

அவளுக்குக் கோதுமை, பார்லி, ரை என்று குளூட்டன் பசை உள்ள தானியம் எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் நாலைந்து நாள் வயிறு பாடாய்ப்படுத்தும். இது தெரிந்த நாளிலிருந்து அலுவலகத்தார் அவளை விழுந்து விழுந்து கவனித்தார்கள். நடுவில் ஏலக்காய் பன்னும் கேக்கும் இருக்கும். மேசைக் கோடியில் ஒரு சின்னத் தட்டில் அவளுக்கென்று தனிப் பாக்கெட். வாயில் போட்டால் மரத்தூள்.

"உன்னோடதை மறக்கல கண்ணு" என்பாள் பிரிவுத் தலைவி ஸோல்வெய்க், அறைக்கே கேட்கும்படி. தலைகள் திரும்பும். ஹில்லெவி நன்றி சொல்வாள். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவளுக்குக் கசந்துவிட்டது.

மர லாரி ஓட்டுகிறவரின் மகள் அவள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களின் மேசையில் கை நீட்ட ஏற்கெனவே கூச்சம். இதில் தனித் தட்டு வேறு. அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாரும் கை நீட்டும் தட்டில் ஒரே ஒரு தடவை தானும் கை நீட்டி எடுக்க வேண்டும், யாரும் கவனிக்காமல்.

வியாழன் மாலை கடைக்குப் போனாள். குளூட்டன் இல்லாதவற்றுக்கென்று இருக்கும் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. அங்கிருப்பதெல்லாம் பார்த்தவுடனே மருந்து என்று சொல்லிவிடும். சாதாரண அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தாள். ஆகாத பொருளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். புளிப்பு சிப்ஸில் பார்லி மால்ட். சாக்லேட் உருண்டையில் கோதுமை கலந்திருக்கக்கூடிய ஓட்ஸ். அதிமதுர மிட்டாயில்கூடக் கோதுமை மாவு.

தள்ளுவண்டியோடு பின்னால் காத்திருந்த கிழவர் பொறுமை இழந்தார். "என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"ஆமா. பெயில்தான்" என்று நகர்ந்து வழிவிட்டாள்.

கடைசியில் மூன்று தேறின: தேங்காய் பிஸ்கட், பாதாம் பிஸ்கட், முட்டை வெள்ளையை அடித்துச் சுட்ட வெள்ளை வெள்ளையான மெராங். முன்பக்கம் அழகான படம். பின்பக்கம் ஓர் ஓரத்தில், எறும்பு எழுத்தில் 'குளூட்டன் இல்லாதது'. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் பெரிய தட்டைக் கழுவித் துடைத்து, பாக்கெட்டுகளை அதன் பக்கத்தில் வைத்தாள். பிரிப்பதற்குள், கார் கொட்டகைக்கு அனுமதி கேட்டு யாரோ வந்திருப்பதாக முகப்பிலிருந்து அழைப்பு. போய்ப் பேசித் திரும்பினாள்.

பெரிய தட்டில் இலவங்கப்பட்டை பன் குவிந்திருந்தது. அவள் நாற்காலிக்கு எதிரே, சின்னத் தட்டின் மேல், மூன்று பாக்கெட்டையும் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"நல்ல வேளை, திருப்பிப் பாத்தேன்" என்றான் பக்கத்து மேசை ஸ்டூரெ, வாயில் பன்னோடு. இரண்டு வருடமாக அவளுக்காக லேபிள் படித்துத் தேறியவன். "எல்லாம் உன் வகை. நாங்க பாட்டுக்குத் தின்னு தீத்திருப்போம்."

"உன் முறைன்னா உன் சாப்பாட்டையா எங்களுக்குக் குடுப்பே?" என்றாள் ஸோல்வெய்க். "எதிர்க் கடைக்கு ஸ்டூரெ ஓடுன ஓட்டத்தைப் பாத்திருக்கணும் நீ. கல்யாணத்துக்குக்கூட அவன் அப்படி ஓடல."

எல்லாரும் சிரித்தார்கள். ஹில்லெவிக்குக் காது சுட்டது.

"அது எல்லாருக்கும் வாங்கினது" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஸ்டூரெ அவசரமாகப் பன்னைக் கீழே வைத்து, மூன்று பாக்கெட்டையும் கிழித்து, மிச்சப் பன்களை ஓரம் தள்ளிவிட்டு, அந்தப் பெரிய தட்டிலேயே கொட்டினான். ஒரு தேங்காய் பிஸ்கட்டைக் கடித்தான்.

"பரவாயில்லையே. வித்தியாசமே தெரியல." குழந்தை வரைந்த படத்தைப் பாராட்டுகிற குரல்.

அப்புறம் ஒவ்வொரு கையாக வந்தது, மரியாதைக்கு ஒன்று எடுக்க. வெண்ணெய்ப் பிசுக்கும் சர்க்கரையும் ஒட்டிய விரல்கள். வெள்ளை மெராங் மேல் பன் துகள் பழுப்பாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

ஸோல்வெய்க் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ எடுக்கலையா?"

ஹில்லெவி துகள்களைப் பார்த்தாள். சொன்னால் அத்தனை பேரும் பதறுவார்கள். சாயங்காலம் வரை மன்னிப்புக் கேட்பார்கள். அடுத்த வாரம் சின்னத் தட்டுக்கு மூடியும் வந்துவிடும்.

"கடையிலேயே இன்னொரு பாக்கெட்டைப் பிரிச்சு முடிச்சுட்டேன்" என்றாள். "வாங்கினவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

அதற்கு நன்றாகவே சிரித்தார்கள். தட்டு கை மாறிக் கை மாறிச் சுற்றியது. இந்தத் தடவை மரியாதைக்கு இல்லை. பாதாம் பிஸ்கட்டுக்கு இரண்டு பேர் போட்டியே போட்டார்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியது. கடைசித் துண்டை எடுக்கும் துணிச்சல் அங்கே யாருக்கும் கிடையாது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

முறைக்காரிதான் கழுவ வேண்டும். அவள் அந்தத் துண்டைக் குப்பையில் தட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்தாள்.