பக்கத்து நிலத்துக்காரி

ருஷ்யாவில் ஒடெஸாப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே தெரு. இரு பக்கமும் வீடுகள், நடுவில் தேவாலயம். அமெரிக்காவில் டக்கோட்டாவுக்கு வந்து இறங்கியதும் அதே மாதிரிதான் கட்டினோம். வேறு மாதிரி கட்ட எங்களுக்குத் தெரியாது. களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் கல் அறுத்து, பனி விழுவதற்குள் வரிசையாக வீடுகளை எழுப்பிவிட்டோம்.

வசந்தத்தில் சர்க்கார் ஆள் வந்து எல்லாவற்றையும் கெடுத்தான். அவரவர் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தால்தான் நிலம் சொந்தமாகுமாம். எங்கள் தெரு முழுவதும் ஒரே ஆளுடைய நிலத்தில் நிற்கிறதாம். குளிர்காலத்துக்குள் பிரிந்து போகாவிட்டால் மற்றவர்களின் நிலம் வேறு யாருக்கோ போய்விடுமாம். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

என் வீட்டுக்காரர் கோட்லீப் எங்கள் நிலத்துக்கு அழைத்துப் போனார். நடுவில் ஒரு மேடு. இங்கே கட்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நம் நிலமே தெரியும் என்று பெருமைப்பட்டார். ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு கோடரிச் சத்தம் இல்லை. காற்று மட்டும் ஓயவே இல்லை. இப்படித் தனியாகக் குடியேறிய ஒருத்தி, குளிர்காலம் முடிவதற்குள் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடுத்தது நான்தான் என்று பயந்தேன். அதிலிருந்து தூக்கம் போயிற்று. மாவைப் பாதி பிசைந்துவிட்டு வாசலுக்குப் போவேன். வறட்டி எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்புவேன்.

கடைசியில் அவரிடம் சொன்னேன். "மேட்டுல வேணாங்க. பக்கத்து நிலம் ஒட்டுற மூலையில கட்டுவோம். அவங்களும் அங்கயே கட்டினா, கூப்பிட்டா கேக்கும்."

"பக்கத்து நிலம் யாருதுன்னு தெரியுமா? ஃபிலிப்பினாவோடது," என்றார்.

என் பிள்ளைகளால்தான் கப்பலில் எல்லோருக்கும் பேன் பிடித்தது என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள். செத்தாலும் அவள் முகத்தில் விழிப்பதில்லை என்றிருந்தேன். ஆனால் மற்ற மூலைகளுக்கு அப்பால் ஆளே கிடையாது. வீம்பை விழுங்கிக்கொண்டு போனேன். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கு? உங்க வீட்டுப் பேனுக்கு நடக்கத் தூரமா இருக்கா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு, ஃபிலிப்பினா."

அவள் நிமிரவே இல்லை. போயும் போயும் இவளிடம் சொன்னோமே என்று வழியெல்லாம் கூசினேன்.

நாங்கள் மூலையில் கட்டிக் குடிபோனோம். கோடை முழுவதும் அவள் பக்கம் வெறும் புல். அறுவடை முடிந்த ஒரு காலையில் வண்டி வந்து நின்றது. ஃபிலிப்பினா பாவாடையைச் செருகிக்கொண்டு களிமண் மிதித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. வீடு எழுந்ததும் சண்டையும் ஆரம்பித்தது. கோழி எல்லை தாண்டியது, சாம்பல் பறந்தது, எல்லாவற்றுக்கும் கத்தினாள். நானும் விடவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பனிக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கோட்லீப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாவு அரைக்கப் போயிருந்தார். ஃபிலிப்பினா பனியை மிதித்து வந்து கதவைத் தட்டினாள்.

"ஏண்டி, காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம்? இருக்கியா?"

"இருக்கேன்," என்றேன்.

கதவுக்கு வெளியே அவள் காலில் ஒட்டிய பனியை உதறும் சத்தம் கேட்டது.

"அப்போ ஏதாவது திட்டுடி."