பத்து மணிக்காரன்

பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் ஏழரை மணி பஸ்ஸின் நெரிசலை ஊரே திட்டியது. கிளாக்கர் கிறகரி மட்டும் அதற்காக மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றாத குறை. அந்த நெரிசலில்தான், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் றீற்றாவின் பக்கத்தில் அவன் நிற்க முடிந்தது. நாலு வார்த்தை பேசுவாள். இரண்டு வருஷமாக அவ்வளவுதான். இந்த வருஷமாவது பெண் கேட்டுவிடுவது என்றிருந்தான்.

அப்போதுதான் அவன் வேலை செய்யும் கந்தோரின் துரைக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து பஸ்ஸில் நசுங்குவானேன்? பாதிப் பேர் எட்டு மணிக்கு வரட்டும், மற்றவர்கள் பத்து மணிக்கு. வேண்டிய நேரத்தை அவரவரே எழுதிக் கொடுக்கலாம் என்றார். பக்கத்துக் கந்தோர்களும் அதையே செய்தன. எட்டு மணித் தாளில் முதல் பெயர் வலன்ரைனுடையது.

கிறகரி அதன் கீழே தன் பெயரை அழுத்தி எழுதினான். வலன்ரைனும் பேராதனைக்காரன்தான். கோயிலில் பாடுகிறவன், சிரித்தால் கன்னம் குழிகிறவன். போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் றீற்றா அவனைப் பார்த்துச் சிரித்ததையும் கிறகரி கண்டிருந்தான். எட்டு மணிக்கு ஒரு பெயர் கூடிவிட்டதென்று பெரிய கிளாக்கர் வீரசிங்கம் தலையைச் சொறிந்தபோது, வலன்ரைன் தினமும் விடிகாலைப் பூசையில் பாடுகிறவன், பாவம், அவனைப் பத்து மணிக்கு விட்டால் உபகாரமாயிருக்கும் என்று கிறகரி நல்ல பிள்ளை போலச் சொல்லிவைத்தான். வீரசிங்கமும் அப்படியே மாற்றினார்.

திங்கட்கிழமை பஸ் காலியாக வந்தது. றீற்றா முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை இடம் கிடக்க, கலியாணமாகாத பெண்ணின் பக்கத்தில் போய் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? கிறகரி பின் வாங்கில் உட்கார்ந்து ஒரு மாதம் அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே போனான். அந்தப் பயல் இல்லையே என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஒருநாள் அவளே எழுந்து வந்து அவன் வாங்கில் உட்கார்ந்தாள். கிறகரிக்கு வேர்த்துவிட்டது.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள். "பூசை முடிஞ்சு நேரம் இருக்கிறதால, வலன்ரைன் தெனமும் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டினாரு. அப்பாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. இப்ப அவர விட்டா வேற மாப்பிள்ளையே வேணாங்கிறாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல எங்க கலியாணத்துக்கு மொத அறிவித்தல். நீங்கதான் பெரிய கிளாக்கர்கிட்ட பேசி அந்த நேரத்த வாங்கிக் குடுத்தீங்களாமே."

சந்தோஷம் என்றான் கிறகரி. கண்டி வரும்வரை அவள் அவன் பக்கத்திலேயே இருந்து, வலன்ரைனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.