ஷாமளாவின் நம்பர்

கோலா சிலாங்கூர் பேரங்காடியில் பிளாஸ்டிக் பைக்கு இருபது காசு கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமான்களைக் கையில் அள்ளிக்கொண்டே வீட்டுக்கு ஜெராம் பஸ் ஏறுவேன். முப்பது வருடம் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவன். என் கோபம் ஊரறிந்தது. அந்தக் கோபத்தில்தான் மனைவி இறந்த அன்று, எல்லார் முன்னாலும் மகள் ஷாமளாவைப் பார்த்து, "உங்கம்மா சாவுக்கு நீதான் காரணம்" என்றேன். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ராவாங் ஊருக்குக் குடிபோனது மட்டும்தான் அவள் செய்த குற்றம். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டாள். இரண்டு வருடமாகிறது.

போன தைப்பூசத்துக்குப் பிறகு கடை வாசலில் காலிப் போத்தல் வாங்கும் இயந்திரம் வந்தது. போத்தலைப் போட்டுக் கைப்பேசி நம்பரை அழுத்தினால், போத்தலுக்கு ஒரு புள்ளி சேரும். கல்லாவில் இருக்கும் மோகனாதான் காட்டிக்கொடுத்தாள்.

"நம்பரு அடிங்கண்ணே."

என் நம்பர் எனக்கே நினைவில் இல்லை. தினமும் அழைத்து அழைத்து விரலுக்குப் பழகியது ஒரே நம்பர். அதை அழுத்தினேன்.

"அந்த நம்பருக்கு மெசேஜ் போயிருக்கும். எந்தக் கடை, எத்தனை போத்தல், எல்லாம் வரும்ணே."

என்னைத் தடுத்தவள் இயந்திரத்தைத் தடுக்கவில்லையே! கோலா சிலாங்கூரில் அவள் நம்பரை அழுத்த என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் மூன்று போத்தல். ஒற்றை ஆள் வீட்டில் அதற்கு மேல் சேராது. குடித்ததும் காலால் மிதித்து நசுக்குவது என் பழக்கம். நசுங்கியதை இயந்திரம் வெளியே தள்ளிவிடும் என்பதால் அதை விட்டேன். கழுவி ஜன்னலோரம் வரிசையாக வைப்பேன். சில நாள் அவற்றோடு பேசியும் இருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் அவள் நம்பரில் சேர்ந்த மொத்தம் திரையில் வரும். அவளிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

இந்தச் செவ்வாய் மூன்றைப் போட்டேன். எண்பத்தேழு காட்ட வேண்டும். தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"மெஷினு கெட்டுப்போச்சு லா! அஞ்சு கூடக் காட்டுது!" என்று சத்தம் போட்டேன். மோகனா ஓடிவந்து திரையில் இரண்டு இடம் தட்டிப் பார்த்தாள்.

"கெட்டுப்போகலண்ணே. அந்த அஞ்சும் வேற மெஷின்ல போட்டது. நேத்து சாயங்காலம், ராவாங்ல."

மோகனா கல்லாவுக்குத் திரும்பிப் போனாள். நான் அங்கேயே நின்றேன். கண் கலங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. அழைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. போடுவதற்கோ கையில் ஒரு போத்தல்கூட இல்லை.

உள்ளே போய் இருப்பதிலேயே பெரிய தண்ணீர்ப் போத்தலாக எடுத்தேன்.

"பை வேணுமாண்ணே?" என்று மோகனா வழக்கம்போல் வம்புக்கிழுத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை.

வாசலுக்கு வந்து, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, துளியும் தாகமில்லாமல், ஒன்றரை லிட்டரையும் குடித்து முடித்தேன்.