வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுவர்

வீட்டு ஒயரிங்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ட்ரூவாக்ஸ் அடித்தள அறைக்குள் இறங்கினார். சுவரைப் பார்த்ததும் கையிலிருந்த டார்ச்சை அணைத்துவிட்டார்.

"ஒயர் எங்க மேடம்?"

"உள்ளதான்," என்றாள் மார்லிஸ். "நானே இழுத்தேன். பர்மிட் என் பேர்லதான் இருக்கு."

"நான் பாக்குறதுக்கு முன்னாடி மூடக்கூடாதுன்னு அதே பர்மிட்லதான் போட்டிருக்கு. படிக்கலையா?"

அடிக்கோடிட்டே படித்திருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்க்கக் கோர்ட்டிலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள். மகள் பிரிட்டாவுக்குத் தனிப் படுக்கையறை இருந்தால் வாரத்தில் பாதி நாள் இங்கே, இல்லையென்றால் முழுக்க, பிரிந்துபோன அப்பா வீட்டில். அறை முடிந்த மாதிரி தெரியட்டும் என்று தம்பி டேல் நேற்று ஒயருக்கு மேல் ஜிப்சம் பலகைகளை அடித்துவிட்டான். அவளும் தடுக்கவில்லை.

மூடும் முன் போனில் எடுத்து வைத்திருந்த படங்களை நீட்டினாள்.

"இது யாரு வீட்டுச் சுவரோ," என்றார் அவர், போனைத் தொடாமலே. "பலகையப் பிரிங்க. பக்கத்துத் தெருவுல ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வரேன். அப்பவும் மூடியிருந்தா வண்டிய விட்டே இறங்க மாட்டேன்."

வேன் கிளம்பியதும் டேல் படிக்கட்டில் உட்கார்ந்து காபியை உறிஞ்சினான்.

"அந்தாளு அதிகாரத்தைக் காட்டுறான். நான் இதுல கை வைக்க மாட்டேன்க்கா."

"வைக்காத. வழியையாவது விடு."

சுத்தியலின் பிளந்த முனையைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். வெள்ளைத் தூள் தலையில் கொட்டியது. பிரிட்டாவின் கட்டில் தலைமாடு வரவேண்டிய இடத்தில், ஒரு திருகாணி மஞ்சள் ஒயரைக் குத்திக்கொண்டு நின்றது.

"எப்படி அடிச்சிருக்க பாரு. கண்ணு எங்க இருந்துச்சு?"

"என்னைச் சொல்லு. ஒயர் போற துளைய, சுவருக்குள்ள நிக்கிற கட்டையோட ஓரத்துலயே போட்டது நீ. அங்க திருகாணி இறங்காம இருக்க இரும்புத் தகடு அடிக்கணும்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த? எங்க தகடு?"

தடவிப் பார்த்தாள். மற்றக் கட்டைகளில் எல்லாம் இருந்தது. இதில் மட்டும் இல்லை.

டேலின் குரல் தணிந்தது. "திருகாணியப் புடுங்கிட்டு ஒயர அந்தப் பக்கம் திருப்பி விட்டுடு. ஓட்டை தெரியாது. வெள்ளிக்கிழமை வேணுமா, வேணாமா உனக்கு?"

திருகாணியைக் கழற்றி, இரண்டு விரலால் ஒயரைத் திருப்பினாள். உண்மைதான், தெரியவில்லை. பிரிட்டா சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாள். விரலை எடுத்தாள். ஒயர் பழையபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

ட்ரூவாக்ஸ் வந்து டார்ச்சைப் போடும் முன்பே, "இங்க," என்று காட்டினாள். "தகடு விட்டுப்போச்சு. திருகாணி இறங்கிடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். 'தேறவில்லை' என்ற சிவப்புச் சீட்டை எடுத்துக் கட்டையில் ஒட்டினார்.

"இந்த ஒயர முழுசா மாத்திட்டு அடுத்த வாரம் கூப்பிடுங்க. நான் பாக்குற வரைக்கும் மூடக்கூடாது."

"இன்னைக்கே மாத்திடுவேன். வெள்ளிக்கிழமை கோர்ட்டு ஆளு வராங்க."

"அது உங்க பாடு."

டேல் காபிக் கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு, சொல்லாமல் கிளம்பிப் போனான். மார்லிஸ் கோர்ட்டு அம்மாளைப் போனில் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வாங்க. ஆனா ரூம் ரெடியா இருக்காது. சுவர் திறந்துதான் கிடக்கும்."

"அப்ப இருக்குறத இருக்குறபடிதான் நான் எழுதணும்."

"எழுதுங்க," என்றாள். போனை வைத்துவிட்டு, மஞ்சள் ஒயரைக் கட்டையிலிருந்து உருவத் தொடங்கினாள்.