நாற்காலி உத்தியோகத்தில் முட்டிவலி

1

இந்தக் கதை என் முட்டியில் பிறந்தது. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, படுத்த பிறகு குடைகிற முட்டி. தூக்கம் வராத எரிச்சலில் அதை இன்னொருவருக்கு மாட்டிவிட்டேன். பெயர் செங்கல்வராயன். ஊர் கோவில்பதாகை. வருஷம் 1943.

‘ஆவடியின் மேல் நிலா பாலாய்ப் பொழிந்த அந்த…’

(வேண்டாம். முட்டி வலிக்கிறவன் நிலாவைப் பார்ப்பதில்லை.)

2

செங்கல்வராயன் ஆவடிப் பட்டாளத்துக் கிடங்கில் சேர்ந்து மூன்று மாதம். மனைவி கன்னியம்மாவிடம் “நாற்காலி உத்தியோகம்” என்று சொல்லியிருந்தார். உண்மையில் சிமெண்டுத் தரையை மண்டியிட்டுத் தேய்க்கிற வேலை. நிலம் வைத்து ஆளமர்த்தியிருந்த குடும்பம். சொல்ல நா எழவில்லை.

ராத்திரி முட்டி இரண்டும் குடைந்தன. வாயு என்று கிழங்கை நிறுத்தினாள் கன்னியம்மா. பனி என்று சன்னலை அடைத்தாள். வலி எதற்கும் கேட்கவில்லை. கரையான்சாவடி யூனானி வைத்தியர் சாதுல்லாவிடம் வண்டி கட்டி அழைத்துப்போனாள்.

3

(சாதுல்லாவை முதலில் மகாஞானியாக எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. இப்போது வேர்க்கடலை தின்கிறார்.)

“காலைல எழுந்தா வெறைப்பா கீதா?”

“இல்லீங்க சாயபு.”

“ஜொரம், வீக்கம்?”

“அதும் இல்ல.”

“பகல்ல?”

“வேல மும்முரத்துல தெரியறதில்ல.”

“அப்பவும் வலிக்குது நைனா. ராத்திரிதான் ஒனக்குக் காது கேக்குது. அப்பிடி இன்னா வேல?”

“நாற்காலிலதான் ஒக்காந்துகினு கீறாரு,” என்றாள் கன்னியம்மா.

வேட்டியை ஏற்றச் சொன்னார் சாதுல்லா. இரண்டு முட்டியிலும் ஆட்டுக்குளம்பு போலக் காய்ப்பு. செங்கல்வராயன் வேட்டியைக் கீழே இழுக்கப் பார்த்தார். இதோ, மூன்று மாதத்து மானம் போகப்போகிறது.

சாதுல்லா அவர் முகத்தைப் பார்த்தார். கடலைத் தோலை ஊதினார்.

“நாற்காலி ரொம்பக் கெட்டிபோல. மெத்த தச்சுக் குடும்மா. தெனம் எடுத்துகினு போவட்டும்.”

4

முடிவு அ: திரும்பும் வண்டியில் உண்மையைச் சொல்லி அழுகிறார். (அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆளில்லை.)

முடிவு ஆ: கன்னியம்மா சோற்றுத் தூக்கோடு கிடங்குக்குள்… (காவல்காரன் விடமாட்டான்.)

நடந்தது இவ்வளவுதான். பழம்புடவையில் இலவம்பஞ்சு திணித்து மெத்தை தைத்தாள். ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் கையகலம். ஓரத்தில் கட்டிக்கொள்ள நாடா.

நாற்காலிக்கு நாடா எதற்கு என்று கேட்கச் செங்கல்வராயன் வாயைத் திறந்தார்.

“நேரமாவுதுய்யா, கெளம்பு,” என்றாள்.

ஒரு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அவளுக்கு எப்போது தெரிந்தது? அந்தப் பத்தியை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கன்னியம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உங்களிடம் சொல்வாளோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.